ஓநாய்க்கு ஓட்டுப் போட்டவர்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். ஓநாய் நீ இருக்கும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் காலங்காலமாக இருந்தது, 1940களுக்குள் மனிதர்கள்தான் சுட்டும் விஷம் வைத்தும் ஒழித்தார்கள், திரும்ப வரட்டும் என்கிறாய். வரட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் ஓநாயைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று அங்கே 2020-ல் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 51 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஜெயிக்க வைத்தது டென்வர், போல்டர் பக்கத்து நகரத்து ஓட்டு. ஓநாயைக் கொண்டுபோய் விட்டதோ மலைக்கு மேற்கே, பெரும்பாலும் வேண்டாம் என்றவர்கள் ஊரில். உன் அபார்ட்மென்ட் வாசலுக்கு அது வரப்போவதில்லை. (உனக்கு அங்கே ஓட்டு இல்லை, தெரியும். இருந்தால் போட்டிருப்பாய்.)

காங்கயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுவதைப் பேப்பரில் படித்திருப்பாய். நம் பட்டியில் புகுந்த அன்று விடிகாலையில் நான்தான் முதலில் போனேன். கழுத்து கிழிந்தவை படலோரம் கிடந்தன. தப்பித்தவை மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஒண்டிக்கொண்டு, தண்ணி காட்டியும் தலை தூக்கவில்லை. அந்த வாரமே சினை ஆடு ஒன்றுக்குக் கலைந்துவிட்டது. நாயும் ஓநாயும் ஒன்றில்லை, சரி. ஆட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இங்கே செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் செய்த பிறகுதான் இழப்பீட்டுப் பேச்சே சூடுபிடித்தது.

அந்த விஷயத்தில் உன் ஊர் தேவலை. ஓர் உருப்படிக்கு 15,000 டாலர் வரை தருகிறார்களாம். எடை குறைந்தாலும் சினை பிடிக்காமல் போனாலும் அதற்கும் கேட்கலாமாம். அந்த விதியை எழுதியவருக்கு மாடு தெரிந்திருக்கிறது.

கோபம் வருவது வேறு இடத்தில். 2023 டிசம்பரில் ஓரிகன் மாநிலத்திலிருந்து முதலில் கொண்டுவந்தவற்றில் சில, அங்கேயே மாடு அடித்துப் பழகிய கூட்டத்தைச் சேர்ந்தவை. அடுத்த ஏப்ரலிலேயே, அவற்றை விட்ட கொலராடோவின் கிராண்ட் கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) கன்றுகள் போயின. 2025 ஜனவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 15 ஓநாய்களைப் பிடித்தபோது, அந்தப் பழக்கம் இல்லாத கூட்டமாகப் பார்த்துப் பிடித்தார்களாம். முதல் தடவையே பார்த்திருந்தால் பண்ணைக்காரர்கள் பாதிப் பேராவது பேச்சுக்கு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தப் பக்கம் சுற்றிப்பார்க்கப் போனால் ஒரு காரியம் செய். குதிரையில் ஆள் போட்டு மந்தைக்குக் காவல் வைக்கிறார்களாமே, ராத்திரியும் போகிறார்களா, கூலி யார் கொடுப்பது என்று கேட்டு எழுது. இங்கே ராக்காவலுக்கு ஒரு ஆளும் கிடைக்கவில்லை. உங்கப்பாதான் கட்டிலைத் தூக்கிப் பட்டிக்குள் போட்டிருக்கிறார்.

அம்மா