தோண்டிப் பார்த்துவிட்டு வண்ணம் பூசுங்கள்

மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். போன மழையில் நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்கள் சிவப்பு பூசிய சரிவு அசையாமல் நிற்கிறது. பச்சை பூசிய சரிவு ராத்திரியோடு ராத்திரியாக இறங்கிவிட்டது. கணிப்பு தவறலாம், அது எங்களுக்கும் புரிகிறது. புரியாதது உங்கள் அறிக்கையின் கடைசியில் சின்ன எழுத்தில் கிடக்கும் வரிதான்: மண்ணின் ஆழம் எங்கும் 1 மீட்டர் எனக் கொள்ளப்பட்டது.

கொள்ளப்பட்டது! எந்த இடத்தில் தோண்டிப் பார்த்து?

உங்கள் சூத்திரத்தையே எடுத்துக்கொள்கிறேன். மண்ணைப் பிடித்து நிறுத்தும் விசையைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்தால் பாதுகாப்புக் காரணி. 1-க்குக் கீழே போனால் சரியும். 35 டிகிரி சரிவு, மண்துகள்கள் ஒன்றோடொன்று உரசி நிற்கும் திறனைக் காட்டும் உராய்வுக் கோணம் 32 டிகிரி, மண் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ஒட்டுவிசை 6 கிலோபாஸ்கல், கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எடை, மேல்மட்டம் வரை நீர் ஊறிய மண். ஆழம் 1 மீட்டர் என்று போட்டால் 1.1 வருகிறது. 2 மீட்டர் என்றால் 0.76. ஆழம் கூடக்கூடச் சுமை ஏறுகிறது, ஒட்டுவிசை அப்படியே இருக்கிறது. ஒரே சரிவு, ஒரே மழை. பச்சையா சிவப்பா என்பதை உங்கள் ஊகம் முடிவு செய்கிறது.

ஆழமான மண் முழுக்க ஊற நேரமாகும் என்பீர்கள். சரி. நீர் உள்ளே இறங்கும் நேரத்தை மண்சரிவு ஆய்வாளர் ஐவர்சன் 2000-ஆம் ஆண்டிலேயே கணக்கில் கொண்டுவந்துவிட்டார். அந்த வழியில் மழையால் வரும் சரிவைக் கணக்கிடும் ட்ரிகர்ஸ் (TRIGRS) மென்பொருளும் உண்டு. அதற்கும் வரைபடத்தின் கட்டத்துக்குக் கட்டம் ஆழம் கொடுத்தாக வேண்டுமே!

எச்சரிக்கை வந்தால் நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? படுக்கையில் கிடப்பவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு கால் பிடித்து, வழுக்கும் படிகளில் இருட்டில் இறக்குகிறோம். நாற்காலி சாய்ந்தால் எல்லோரும் சேர்ந்துதான் விழ வேண்டும். இந்த முறை அப்படி இறக்கியவர்களைப் பச்சைப் பக்கத்து வீடுகளில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம், உங்கள் வரைபடத்தை நம்பி. மண் வாசலோடு நின்றது. இனி சிவப்பு என்றாலும் பாதிப் பேர் கிளம்பமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்களுக்கு நேரமில்லை என்றும் சொல்லமுடியாது. வரைபடத்துக்குப் புது வண்ணங்கள் வந்தன, திரையில் மழைமேகம் நகர்கிறது, கருத்தரங்குகள் நடக்கின்றன. மண் துளைக்கும் கம்பியோடு மட்டும் யாரும் மேலே ஏறி வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்சுவர் உங்கள் 30 மீட்டர் கட்டத்துக்குள் சராசரியாகிக் காணாமலே போய்விடுகிறது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

இப்போதைக்குக் கேட்பது ஒன்றுதான்: ஆழத்தை அளந்து போடுங்கள். எல்லா இடத்திலும் முடியாதுதான். குடியிருப்புகளுக்கு மேலே உள்ள சரிவுகளிலாவது அளங்கள். அளக்காத இடத்தைப் பச்சையாக்காமல் 'அளக்கவில்லை' என்றே காட்டுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள் சொல்லுங்கள். தோண்ட ஆட்களும் மண்வெட்டியும் எங்கள் பொறுப்பு. அளவுகோலை மட்டும் தயவுசெய்து நீங்கள் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
சரிவில் குடியிருக்கும் ஒருவர்