நீ அனுப்பிய விற்றமின் போத்தல்

முள்ளியவளை,
ஆடி மாதம்.

அன்பு மச்சான் சிவம்,

பொதி வந்து சேர்ந்தது. பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பிய சட்டைகள் அளவாக இருக்கின்றன. சொக்லேட் எல்லாம் உருகி ஒரே கட்டியாகிவிட்டது. அதை அவர்கள் பொருட்படுத்தவில்லை, உடைத்துத் தின்றார்கள். தைரொயிட் புற்றுநோய்க்காகக் கழுத்திலுள்ள அந்தச் சுரப்பியை அகற்றிய அக்காவுக்கென்று நீ அனுப்பிய விற்றமின் டி போத்தலை மட்டும் அவர் மூடி திறக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். "தம்பி படித்துப் பார்த்துத்தான் அனுப்பியிருப்பான். இருந்தாலும் நீ மருந்துகளோடு கிடந்தவன், ஒருமுறை பார்" என்றார். பார்த்தேன். ஒரு குளிசையில் 10,000 அலகு. அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போன இடத்தில் வாங்கியதாக எழுதியிருந்தாய். இதைத் தொட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். உனக்குக் கோபம் வரும் என்று தெரியும், அதனால்தான் காரணத்தைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். உயர்தரத்தில் விலங்கியல் படித்தவன் நீ, உனக்கு விளங்கும்.

விற்றமின் டி இந்தப் புற்றுநோய்க் கலங்களை அடக்குவதாக உன் மருமகன் காட்டிய கட்டுரை பொய் சொல்லவில்லை. அக்காவுக்கு வந்த பப்பிலரி வகைத் தைரொயிட் புற்றுநோயின் கலங்களுக்குள் நடக்கும் சமிக்ஞைகளில் விற்றமின் டி கைவைக்கிறது என்பது உண்மைதான். எங்கே கைவைக்கிறது, எவ்வளவு ஊற்றினால் கைவைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முத்தையன்கட்டுக் குளத்து மதகை, அந்தத் துருசை நினைத்துப்பார். குளத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றாலும் துருசுக் கதவைத் தூக்கினால்தான் வாய்க்காலில் பாயும், வாய்க்காலில் பாய்ந்தால்தான் வயலில் ஏறும். கலம் பெருக வேண்டும் என்ற கட்டளையும் அப்படித்தான் படிப்படியாக இறங்குகிறது. கலச்சவ்வில் செய்தியை வாங்கும் ஏற்பிகளில் தொடங்கி ராஸ், பீராஃப், மெக், ஏர்க் என்று ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தூண்ட, கடைசியில் ஏர்க் கருவுக்குள் போய்ப் பெருக்கத்துக்கான மரபணுக்களை இயக்குகிறது. பீராஃப்தான் துருசுக் கதவு. அந்தப் புரதத்தின் 600ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கே குளுட்டமிக் அமிலம் வந்து உட்கார்ந்துவிட்டால் கதவு திறந்தபடியே இறுகிவிடுகிறது. மேலேயிருந்து கட்டளை வராமலே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். பீராஃப் மாற்றம் புற்றுநோய்களில் இருப்பதை 2002இல் கண்டார்கள். அடுத்த ஆண்டே பப்பிலரிக் கட்டிகளிலும் கண்டார்கள். 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 496 பப்பிலரிக் கட்டிகளின் மரபணுக்களைப் படித்து வெளியிட்டபோது பாதிக்கு மேற்பட்டவற்றில் இதுவே இருந்தது. செர்னோபில் அணு உலை விபத்தில் கதிர்வீச்சுப் பட்ட பிள்ளைகளின் கட்டிகளில் கதை சற்று வேறு. அங்கே ரெட் என்ற மரபணு முறிந்து வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டது கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் எந்த வழியில் தொடங்கினாலும் தண்ணீர் இறங்குவது அதே வாய்க்காலில்தான்.

இனி விற்றமின் டி. வெயில் தோலில் பட்டு உண்டாவதோ மீனில் இருந்து வருவதோ அப்படியே வேலை செய்வதில்லை. ஈரலில் ஒருமுறை மாறி, சிறுநீரகத்தில் இன்னொரு முறை மாறி, கல்சிற்றியோல் ஆன பிறகுதான் அது ஓமோன். கலத்தின் கருவில் அதற்கென்று ஓர் ஏற்பி இருக்கிறது. இரண்டும் சேர்ந்து மரபணுக்களின் மேல் நேரே போய் உட்காருகின்றன. ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் தைரொயிட் புற்றுநோய்க் கலங்களுக்குக் கல்சிற்றியோல் ஊற்றினால் பி27 என்ற புரதம் உள்ளே தேங்குகிறது. அது கலப்பிரிவுக்கு முட்டுக்கட்டை போடும் புரதம், அதனால் கலங்கள் பெருகுவது குறைகிறது. அந்த ஏற்பி பப்பிலரிக் கட்டிகளில் சாதாரணத் தைரொயிட்டில் இருப்பதைவிடக் கூடுதலாக இருப்பதையும், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய கட்டிகளில் அது குறைவதையும் பார்த்திருக்கிறார்கள். மருமகன் கண்டு துள்ளியது இதைத்தான். ஆனால் கவனி மச்சான், கல்சிற்றியோல் அந்தத் துருசுக் கதவை மூடவில்லை. கதவு இறுகியது இறுகியபடியே இருக்கிறது. கீழே வயலில் நின்று வரம்பு கட்டுகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது அளவு. எங்கள் இரத்தத்தில் ஓடும் கல்சிற்றியோலைப் போலப் பல நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு, அந்தத் தட்டுகளில் ஊற்றுகிறார்கள். அந்த அளவை மனித உடம்பில் எட்ட நினைத்தால் கட்டி சுருங்குகிறதோ இல்லையோ, கல்சியம் ஏறி ஆளைச் சாய்த்துவிடும். போத்தலிலுள்ள சாதாரண விற்றமினை எவ்வளவு விழுங்கினாலும் கல்சிற்றியோல் அந்த உயரத்துக்கு ஏறாது. உடம்பே அதைக் கட்டுப்படுத்துகிறது, மிஞ்சியதை உடைக்கத் தனியாக ஒரு நொதியம் வைத்திருக்கிறது. மனிதரில் சோதித்துப் பார்க்காமலும் இல்லை. அமெரிக்காவில் 25,871 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு நாளுக்கு 2,000 அலகு, மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் குளிசை என்று ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கொடுத்துப் பார்த்த வைட்டல் ஆய்வில், புதிதாகப் புற்றுநோய் வருவது குறையவில்லை. தைரொயிட் நோயாளிகளில் விற்றமின் குறைவாக இருக்கிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, வேறு சில மறுக்கின்றன. நோய் வந்தவர் வெயிலில் நடமாட்டம் குறைந்து வீட்டுக்குள் இருந்தால் விற்றமின் தானாகவே குறையும். அதை நோய்க்குக் காரணமாக்குவது எனக்கு ஒப்பவில்லை.

உனக்குச் சமிக்ஞையை அடக்கும் மருந்துதான் வேண்டுமென்றால் அக்கா அதை நாள்தோறும் விடியற்காலையில் விழுங்குகிறார். தைரொக்சின். அகற்றிய சுரப்பிக்குப் பதிலாக அதைக் கொடுக்கிறார்கள் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதிதான். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி அனுப்பும் டிஎஸ்எச் என்ற ஓமோன் தைரொயிட் கலங்களைத் தூண்டும். மிச்சமிருக்கும் புற்றுநோய்க் கலம் இருந்தால் அதையும் தூண்டும். தைரொக்சின் போதிய அளவில் இரத்தத்தில் நின்றால் பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்ளும். எவ்வளவு தூரம் அடக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், வயதான பெண்ணின் எலும்பு தேயும். அதற்காகத்தான் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் இரத்தம் எடுக்கிறார்கள். சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தச் சின்னக் குளிசைக்கு யாரும் கட்டுரை அனுப்பிவைப்பதில்லை. பளபளக்கும் போத்தலுக்குத்தான் மதிப்பு.

சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் நடந்ததை அக்கா உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். காலையில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றார். சற்று நேரத்தில் விரல் நுனிகள் விறைத்தன. தேநீர்க் கோப்பையைப் பிடிக்கப் போனபோது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடிந்து, மற்ற விரல்கள் நீட்டியபடி ஒன்றோடொன்று சேர்ந்து குவிந்துவிட்டன. விரிக்க முடியவில்லை. நான் மருந்தாளராக இருந்த காலத்தில் ஏட்டில் படித்ததை அன்றுதான் கண்ணால் கண்டேன். தைரொயிட்டின் பின்பக்கத்தில் அரிசியளவில் நான்கு பராதைரொயிட் சுரப்பிகள் ஒட்டிக்கிடக்கின்றன. சுரப்பியை முழுதாக எடுக்கும்போது அவற்றின் இரத்த ஓட்டம் குழம்பினால் அவை சில காலம் உறங்கிவிடும். அவற்றின் ஓமோன் இல்லாவிட்டால் இரத்தத்தில் கல்சியம் இறங்கும். சிறுநீரகம் விற்றமின் டியைக் கல்சிற்றியோலாக மாற்றுவதும் தடைப்படும். தாதி ஓடிவந்து நாளத்தில் கல்சியம் ஏற்றினார், அரை மணி நேரத்தில் விரல் விரிந்தது.

அதனால்தான் அவருக்குக் கல்சியத்தோடு அல்பாகல்சிடோல் கொடுக்கிறார்கள். சிறுநீரகம் செய்ய வேண்டிய மாற்றத்தைத் தொழிற்சாலையிலேயே செய்து முடித்த விற்றமின் டி அது. ஆகவே அக்கா ஏற்கெனவே விற்றமின் டி எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், அதுவும் வீரியமானதை, அளந்து. அதற்கு மேல் உன் 10,000 அலகைப் போட்டால் என்ன ஆகும்? கல்சியம் தாழ்வதற்கு மாறாக ஏறத் தொடங்கும். தாகம், மலச்சிக்கல், குமட்டல், அடிக்கடி சிறுநீர், தலை மந்தம், கடைசியில் சிறுநீரகம் பழுது. அல்பாகல்சிடோலை நிறுத்தினால் சில நாட்களில் அடங்கும். சாதாரண விற்றமின் டி கொழுப்பில் சேர்ந்து மாதக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். என் மறுப்புக்கு முதற் காரணம் இதுதான். புற்றுநோய்க் கதை அதற்குப் பிறகு.

ஒன்றை மட்டும் உன் பக்கத்துக்குச் சொல்கிறேன். சத்திரசிகிச்சைக்கு முன்பே விற்றமின் டி குறைந்து கிடப்பவர்களுக்குப் பின்னர் கல்சியம் விழும் ஆபத்து கூடுதல். முன்கூட்டியே பார்த்து நிரப்பிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. அடுத்த தடவை யாராவது கேட்டால் இதைச் சொல், பீராஃபைச் சொல்லாதே.

நான் வேறொன்றும் கண்டுபிடித்தேன். அக்கா தைரொக்சின், கல்சியம் இரண்டையும் ஒரே கையில் எடுத்துத் தேநீரோடு விழுங்கிக்கொண்டிருந்தார். கல்சியம் குடலில் தைரொக்சினைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்புக்குள் போக விடாது. இப்போது விடிய எழுந்ததும் வெறும் தண்ணீரோடு தைரொக்சின், நன்றாகத் தாமதித்துத்தான் தேநீர், மதியச் சோற்றோடு கல்சியம். குளிசைகளை இரண்டு வேறு தகரப் பெட்டிகளில் போட்டு, ஒன்றைச் சுவாமித் தட்டிலும் மற்றதைச் சோற்றுப் பானைக்குப் பக்கத்திலும் வைத்திருக்கிறேன். இது உன் போத்தலைவிடப் பெரிய வைத்தியம் என்பது என் அபிப்பிராயம்.

கதிரியக்க அயடீன் மருந்துக்கு மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக வேண்டி வரலாம் என்றார்கள். அதற்கு முன் ஒன்றிரண்டு கிழமை அயடீன் குறைந்த சாப்பாடு. கடல் மீன் கூடாது, கருவாடு கூடாது, இறால் கூடாது, அயடீன் சேர்த்த உப்பும் கூடாது. முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவரிடம் இதைச் சொல்லிப் பார்! புற்றுநோய் என்ற சொல்லுக்கு அழாதவர் இதற்குக் கண் கலங்கினார். ஆனால் கலங்கள் அயடீனுக்குப் பசித்திருந்தால்தான் மருந்தை இழுக்கும். பீராஃப் மாறிய கட்டிகளில் அயடீனை உள்ளே இழுக்கும் புரதமே குறைந்துபோவதும் உண்டு, அதையும் வைத்தியர்கள் கணக்கில் எடுப்பார்கள். மருந்து குடித்துவிட்டு வந்தால் பேரப்பிள்ளைகளைச் சில நாள் மடியில் வைக்கக் கூடாது. அது அவருக்கு மீனைவிடக் கஷ்டமாக இருக்கும்.

அக்காவுக்கு வந்ததும் எங்கள் ஒழுங்கையில் பெண்கள் எல்லோரும் கழுத்தைத் தடவத் தொடங்கிவிட்டார்கள். இலங்கைப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்ததாக வருவது தைரொயிட்தான், பயம் நியாயமானது. ஆனால் கழலை ஒன்றும் இல்லாதவர்கள் ஸ்கான் எடுக்கக் காசு சேர்ப்பதைப் பார்த்து நான் தடுத்தேன். தென்கொரியாவில் அப்படி ஊரெல்லாம் ஸ்கான் பார்த்து, 1993ஐ விட 2011இல் பதினைந்து மடங்கு பேருக்கு நோய் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். இறப்பவர் தொகை மாறவேயில்லை. பப்பிலரி வகை பெரும்பாலும் மெதுவாக ஊரும் நோய். உன் அக்காவுக்கு இன்னும் நீண்ட ஆயுள் இருக்கிறது, மனதைத் தளரவிடாதே.

போத்தலை என்ன செய்வது? வாறவர் யாரிடமாவது உனக்கே திருப்பி அனுப்புகிறேன். இங்கே ஆண்டு முழுவதும் வெயில். சாளை மீனும் கீரி மீனும் சந்தைக்கு வருகின்றன. உங்கள் ஊரில் குளிர்காலச் சூரியன் எவ்வளவு நேரம் அடித்தாலும் தோலில் விற்றமின் ஊறாது. நீயும் வைத்தியரிடம் கேட்டு அளவறிந்து எடு.

மற்றபடி சிறுபோகம் சுமார். குளத்தில் தண்ணீர் பாதியாகத்தான் நின்றது, ஆகவே முறை வைத்து விட்டார்கள். நான் இரண்டு ஏக்கர் மட்டும் விதைத்தேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இந்த முறை சரியான சனம். பாலைப்பழம் முடிகிற தறுவாயில் இருக்கிறது, உன் பங்கையும் நானே தின்றேன். அக்காவின் அடுத்த கிளினிக் ஆவணியில் வருகிறது. கல்சியம், டிஎஸ்எச் இரண்டு முடிவுகளையும் படமெடுத்து அனுப்புகிறேன். அதுவரை மருமகனை அக்காவுக்கு நேரடியாக எதையும் அனுப்ப வேண்டாம் என்று சொல், என்னிடம் கேட்கட்டும்.

அன்புடன்,
ராசன்