பூட்ஸைக் கழற்றாதே மக்கா

கிரிம்ஸ்பி,
9 நவம்பர் 2025

அன்புள்ள மக்கா,

நலம். அங்கே அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? நீ கொடுத்தனுப்பிய குடம்புளி வந்து சேர்ந்து ஒரு மாதமாகிறது. இன்றுதான் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

ஆகஸ்டில் இங்கிலாந்தில் இந்த ஊரின் ஃபுட்பால் அணி, எங்கள் கிரிம்ஸ்பி டவுன், மான்செஸ்டர் யுனைடெட்டை பெனால்டியில் 12-11 என்று சாய்த்த ராத்திரி விடிய விடியப் பேசினோம். அதற்கப்புறம் என்னிடமிருந்து மூச்சே இல்லை என்று நீ ஏசியது நியாயம்தான். மீன் ஃபாக்டரியில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், அவர்கள் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தேன். காலையில் வந்து விழுந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பது. அதையெல்லாம் விடு.

போன வாரம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நான்கு தடவை கேட்டேன். நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது, நம்ம ஊர் அணியின் கமிட்டிக்காரர்கள் பெஞ்சில்கூட உட்கார வைக்கவில்லை, பூட்ஸைக் கழற்றி வள்ளத்துக்குள் எறிந்துவிட்டேன் என்றாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கடைசியில், ‘இருபத்தைந்து வருஷம் ஆடி எங்கே போய்ச் சேர்ந்தேன்? சந்தோஷ் டிராபி கேம்ப் வாசல்வரை போய்த் திரும்பினவன்தானே’ என்று, மாநில அணிகள் ஆடுகிற அந்தப் போட்டியைச் சொல்லி மெதுவாகச் சொன்னாயே, அந்தக் குரல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நம்ம கூட்டாளி ‘சுறா’வை அடக்கம் பண்ணிவிட்டு வந்த ராத்திரிகூட நீ அப்படிப் பேசவில்லை. இதற்கு இரண்டு நிமிஷ வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்ல முடியாது என்றுதான் பேப்பர் எடுத்து உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி ப்ளண்டெல் பார்க்குக்குப் போயிருந்தேன். இந்த மைதானம் கிரிம்ஸ்பியிலேயே இல்லை, ஒட்டியிருக்கும் கிளீத்தார்ப்ஸில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். சொந்த மைதான ஆட்டத்தைக்கூட வெளியூரில் ஆடுகிற அணி என்று இங்கே எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். ஹம்பர் முகத்துவாரத்திலிருந்து அடிக்கிற காற்று காது மடலை அறுத்துக்கொண்டு போகும். மேல் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் கோல் போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் கப்பல் விளக்குகள் நகர்வது தெரியும். உன் நினைப்பு வராமல் அங்கே நான் ஒரு ஆட்டம் பார்த்ததில்லை.

பக்கத்து இருக்கையில் வழக்கமாக ஒரு பெரியவர் இருப்பார். சின்ன வயதில் மீன் துறைமுகத்தில் நடு ராத்திரி படகிலிருந்து மீன் இறக்கியவர். அந்த வேலைக்காரர்களை இங்கே லம்பர் என்பார்கள். இடது கையில் நடுவிரலின் ஒரு கணு கிடையாது. இடைவேளையில் போவ்ரில் (சூடான மாட்டிறைச்சிச் சாறு) கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஏன் முகம் வாடிக் கிடக்கிறது என்று கேட்டார். உன் கதையைச் சொன்னேன். வயதைக் கேட்டார். நாற்பத்திரண்டு என்றேன். உடனே, ‘டோனி ஃபோர்டுக்கும் கடைசி ஆட்டத்தில் அதே வயது’ என்றார்.

பேரைக் கேட்டிருக்கிறேன், ஆள் யார் என்று அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து தூங்கவில்லை மக்கா. பழைய கணக்குகளைத் தேடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேள்.

1959-இல் இதே கிரிம்ஸ்பியில் பிறந்தவர். வலது விங், அதாவது வலது கோட்டோரம் ஓடி முன்னால் ஆடுகிறவர். 1975 அக்டோபர் 4-ஆம் தேதி, பதினாறு வயதும் 143 நாளும் ஆனபோது, ஊர் அணிக்கு முதல் ஆட்டம். அதற்குப் பதினோராம் நாள் ஐஸ்லாந்து தன் கரையிலிருந்து 200 கடல் மைல்வரை உள்ள மீனெல்லாம் தனக்கே என்று கோடு போட்டது. நவம்பரில் காட் மீன் சண்டை. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் காவலுக்கு நிற்க இந்த ஊர்ப் படகுகள் வலை போட்டன, ஐஸ்லாந்துக் காவல் கப்பல்கள் குறுக்கே புகுந்து வலையை அறுத்துவிட்டன. 1976 ஜூனில் பிரிட்டன் விட்டுக்கொடுத்தது. கடலில் ஒருவன் கோடு போட்டால் கரையில் எத்தனை அடுப்பு அணையும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்று எங்கள் ஃபாக்டரி மேஜைக்கு வருகிற காட், ஐஸ்லாந்திலும் நார்வேயிலும் பிடித்தது. ஊரின் பிழைப்பு அப்படிச் சரிந்துகொண்டிருந்த வருஷங்களில்தான் அந்தப் பையன் வலது கோட்டோரம் ஓடிக்கொண்டிருந்தான். 1979-இல் கடைசித் தட்டான நான்காம் டிவிஷனிலிருந்து அணி ஏறியது, அடுத்த வருஷமே மூன்றாம் டிவிஷனில் முதலிடம். பெரியவர் இதைச் சொல்லும்போது அவர் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும் நீ. துறைமுகத்தில் வேலை போனவர்களுக்குச் சனிக்கிழமை மதியம் என்று ஒன்று மிச்சம் இருந்தது அல்லவா?

அப்புறம் ஊர் ஊராகப் போனார். வங்கிக்காரர்களுக்கு மாற்றல் வருமே, அப்படி. சண்டர்லாந்தில் கொஞ்ச நாள் லோன் (கிளப் இரவலாகக் கொடுப்பது), ஸ்டோக், வெஸ்ட் ப்ரோம், திரும்ப கிரிம்ஸ்பி, பிராட்ஃபோர்டில் லோன், ஸ்கன்தார்ப், பாரோ, மான்ஸ்ஃபீல்ட், ரோச்டேல். கொடி பிடித்து வரவேற்கிற ஊர்கள் இல்லை. வெஸ்ட் ப்ரோம் பெரிய பேர்தான், ஆனால் இவர் இருந்தபோதுதான், 1991-இல், அந்த கிளப் தன் சரித்திரத்தில் முதல் தடவையாக மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது. ரோச்டேல் 1974-இல் கடைசி டிவிஷனில் விழுந்து 36 வருஷம் அங்கேயே கிடந்த கிளப்.

இங்கே லீக் என்றால் மேலிருந்து கீழாக நான்கு தட்டு, 92 கிளப். டிவியில் நீ பார்ப்பது உச்சித் தட்டு மட்டும். கீழே ஆடுகிறவர்களுக்கு ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருஷம், இரண்டு வருஷம். மே மாதம் கிளப் ஒரு பட்டியல் போடும்: யார் இருக்கலாம், யார் போகலாம். போகச் சொன்னால் ஜூனில் சம்பளம் முடியும், ஜூலைக்குள் வேறு ஊர், வேறு வாடகை வீடு, பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம். மழையிலும் சேற்றிலும் சீசனுக்கு 46 ஆட்டம். சனிக்கிழமை ஆடி, செவ்வாய் ராத்திரி நான்கு மணி நேரம் பஸ்ஸில் போய் ஆடித் திரும்ப வேண்டும். ஒரு முட்டி போனால் பிழைப்பு போயிற்று. அந்த மே மாதத்தை இந்த மனிதர் இருபத்தைந்து தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. அவர் கறுப்பினத்தவர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இங்கே கறுப்பு ஆட்டக்காரர்களைப் பார்த்துக் குரங்கு மாதிரி சத்தம் போடுவார்கள், வாழைப்பழம் எறிவார்கள். கோட்டோரம் ஓடுகிற விங்கருக்கும் கூட்டத்துக்கும் நடுவே எத்தனை அடி இருக்கும், நீயே யோசி. நான் வந்த புதிதில் பஸ் ஸ்டாப்பில் நடந்ததை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். அதனால்தானோ என்னவோ, இந்த இடத்தில் என்னால் கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை.

இப்போது கணக்கைப் பார். அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மட்டும் 931. கோப்பை ஆட்டங்களைச் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். முழு சீசனாக வகுத்தால் ஒரு ஆட்டம்கூட விடாமல் இருபது வருஷம். இதைவிட அதிகம் ஆடியவர் பீட்டர் ஷில்டன் ஒருவர்தான், 1,005. அவர் கோல் கீப்பர். (இதை நம்ம கீப்பரிடம் காட்டாதே, ஒரு வாரம் தூங்கவிட மாட்டான்.) கோல் கம்பத்தை விட்டு வெளியே வந்து ஓடி ஆடியவர்களில் ஃபோர்டுதான் முதல். அதற்கு முன் 824 ஆட்டத்தோடு அந்த இடத்தில் இருந்தவர் டெர்ரி பெய்ன், 1966-இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியில் இருந்தவர். அவரை ஃபோர்ட் தாண்டியபோது மான்ஸ்ஃபீல்டில், கடைசி டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தார்.

இந்த 931-இல் உச்சித் தட்டில் ஆடியது எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை. அத்தனையும் இரண்டாம் தட்டிலும் அதற்குக் கீழேயும்தான். வெஸ்ட் ப்ரோமில் இருந்தபோது 1989-இல் இங்கிலாந்தின் பி அணிக்காக (தேசிய அணிக்கு அடுத்த அணி) இரண்டு ஆட்டம் ஆடினார். மேல் படி என்று அவர் மிதித்தது அவ்வளவுதான். உன் சந்தோஷ் டிராபி கேம்ப் மாதிரி என்று வைத்துக்கொள்ளேன்.

அந்த மனிதர் எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று உன்னால் சொல்ல முடியுமா? முடியாதென்றால் உன்னைப் பற்றி மட்டும் எப்படிச் சொன்னாய்? எனக்குக் கோபமாக வருகிறது. மண்டைக்காட்டிலும் பூவாறிலும் செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆட்டம்) ஆடிவிட்டு, விடியற்காலம் நான்கு மணிக்கு டெம்போவில் தொங்கிக்கொண்டு வந்து, ஐந்து மணிக்கு வள்ளம் தள்ளியவன் நீ. தூத்தூர்ப் பக்கத்தில் இன்றைக்கு விங்கில் ஓடுகிற பையன்களில் பாதிப் பேர் உன் காலைப் பார்த்துக் காலை வைக்கக் கற்றவர்கள். அந்தக் கமிட்டிக்காரர்களுக்கு இது தெரியாமல் போகலாம். உனக்குமா தெரியாது?

1996-இல், முப்பத்தேழு வயதில், ஃபோர்டுக்கு லீக்கிலேயே இடம் இல்லாமல் போனது. வடமேற்குக் கடலோரத்தில் பாரோ என்ற ஊர், லீக்குக்கு வெளியே உள்ள அணி, அங்கே போய் ஆடினார். சில மாதத்தில் மான்ஸ்ஃபீல்ட் கூப்பிட்டது. அங்கே நூறு ஆட்டத்துக்கு மேல், அதற்கப்புறம் ரோச்டேலில் 89. விங்கில் ஓட்டம் குறைந்ததும் பின்னால் வந்து ரைட் பேக், வலது பக்கத் தடுப்பாட்டக்காரர், ஆனார். அதே வலது கோடுதான், ஆரம்பிக்கிற இடம் மட்டும் நாற்பது அடி பின்னால். பயிற்சியாளருக்குத் துணையாகவும் இருந்தார். 2001 நவம்பரில் அந்தப் பயிற்சியாளர் பார்ன்ஸ்லிக்குப் போனபோது கூடவே போனார். ஆட்டம் அதோடு நின்றது. நாம் அப்போது காலேஜ் முதல் வருஷம், நீ ஹாஸ்டல் மொட்டை மாடியில் சுவரில் பந்து அடித்து வார்டனிடம் மாட்டிக்கொண்ட வருஷம்.

அந்த ரைட் பேக் விஷயத்தை நன்றாக யோசித்துப் பார். உனக்கு இருபது வயதுப் பையன்களோடு ஓடத்தான் முடியவில்லை. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிகிற புத்தி எங்கேயும் போகவில்லையே. ஈஸ்டருக்கு எடுத்த வீடியோவில் பார்த்தேன், மூன்று தடவை பந்து வருவதற்கு முன்பே நீ அங்கே நின்றாய். உன் பக்கம் யாரும் பாஸ் தரவில்லை, அவ்வளவுதான். விங்கை அந்தப் பையன்களிடம் விட்டுக்கொடு. பின்னால் நின்று அவர்களுக்குப் பந்து எடுத்துக் கொடு.

முட்டி பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாததால்தான் கேட்கிறேன். மறைக்காமல் எழுது. வீக்கம் இருந்தால் டாக்டரிடம் காட்டாமல் இறங்காதே. நாட்டு எண்ணெய் தேய்த்துச் சமாளிக்கிற வயது போய்விட்டது.

டிசம்பர் 20-க்கு டிக்கெட் போட்டுவிட்டேன். பெரியண்ணனிடம் சொல்லிவிடு, அவருக்குக் கேட்ட ஜாக்கெட் வாங்கியாயிற்று. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மணலில் கல்யாணமானவர்கள் ஆட்டம் வழக்கம்போல உண்டுதானே? நான் இடது பக்கம், நீ ரைட் பேக். இப்போதே சொல்லிவைக்கிறேன்.

வள்ளத்தில் எறிந்த பூட்ஸை இன்றைக்கே எடு. உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் வை. வெயிலில் போட்டால் தோல் வெடித்துவிடும்.

உன்,
இடது விங்