மூப்பருக்கும் சேர்த்துத்தான் அந்த வசனம்

கிறிஸ்துவுக்குள் அன்பான மூப்பர் ஐயாமார்களுக்கும், வேதபாட வகுப்பை நடத்தும் பெரியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நம் சபையில் வாலிபர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே 1 பேதுரு 5:5 எடுக்கப்படுகிறது. “இளைஞரே, மூப்பருக்குக் கீழ்ப்படியுங்கள்” என்றதும் வேதாகமத்தை மூடிவிடுகிறோம். அதே வசனம் அதோடு முடியவில்லை. “நீங்களெல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்து, மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்” என்று தொடர்கிறது. இந்தப் பாதியை நம் சபையில் யாரும் சத்தமாக வாசித்து நான் கேட்டதில்லை.

இதை எழுதியவர் யார் என்று பாருங்கள். அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் தன்னை உடன்மூப்பன் என்று சொல்லிக்கொள்ளும் பேதுரு. யோப்பாவில் வீட்டின்மேல் ஜெபிக்கப் போனவர், தீட்டென்று விலக்கியதைச் சாப்பிடும்படி தரிசனத்தில் கர்த்தர் சொன்னதற்கே “அப்படியல்ல, ஆண்டவரே” என்று மறுத்தவர். மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் செசரியாவுக்குப் போய், புறஜாதியானான (யூதரல்லாத) ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவின் வீட்டு வாசற்படியைத் தாண்டினார். அதோடும் முடியவில்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார். இயேசுவோடு நடந்தவரை, பிறகு வந்து சேர்ந்தவர் கண்டிக்கிறார்! நம் கமிட்டியில் இப்படி நடந்தால் அந்த வாரமே சபை இரண்டாகிவிடும். பேதுருவோ தன் இரண்டாம் நிருபத்தில் பவுலைப் பிரியமான சகோதரன் என்று எழுதுகிறார். மனத்தாழ்மையைப் பற்றி எழுத அவருக்கு முழு உரிமை உண்டு.

ஒரு புதன்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்குப் பாடம் அப்போஸ்தலர் 18. வேதாகமங்களில் வல்லவனான அப்பொல்லோவைக் கூடாரம் பண்ணுகிற ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கிக் காட்டுகிற பகுதி. கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை, யோவானின் ஞானஸ்நானத்தை மட்டும் அறிந்திருந்த அப்பொல்லோவுக்கு என்ன குறைந்திருக்கும் என்று நன்றாகவே விளக்க ஆரம்பித்தாள். பெரியவர் ஒருவர், “நீ பிறக்கறதுக்கு முன்னாடியே நான் ஊழியத்துக்கு வந்தவன், எனக்கா சொல்லித்தர்ற?” என்றார். அவள் நோட்டை மூடிவிட்டாள். இப்போது வகுப்புக்கு வருவதில்லை.

உங்கள் பயமும் எனக்குப் புரிகிறது. யூடியூபில் யார் யாரோ எதை எதையோ போதிக்கிறார்கள், அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் வந்து கேள்வி கேட்கிறார்கள். உபதேசத்தில் நீங்கள் உறுதியாக நிற்கத்தான் வேண்டும். ஆனால் பெரேயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சொன்னவரின் வயதையோ அனுபவத்தையோ வைத்து அவர்கள் முடிவு செய்யவில்லை. அந்தத் தங்கை சொன்னது தவறென்றால், வசனத்தைக் காட்டித் திருத்தியிருக்கலாம்.

நம் தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபையின் தொடக்கமே கற்றுக்கொள்ள உட்கார்ந்தவர்களிடம்தானே இருக்கிறது? 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், இறையியல் படித்து, குருப்பட்டம் பெற்று வந்தவர். அவரும் அவர் கூட வந்த ப்ளூட்சோவும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார்கள். அடுத்த பத்து வருஷத்துக்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்துவிட்டது.

ஆகவே இரண்டு காரியங்கள் கேட்கிறேன். மாதத்தில் ஒரு புதன்கிழமை வாலிபர் ஒருவர் பாடம் எடுக்கட்டும். மூப்பர்கள் அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுங்கள், கேள்வி இருந்தால் கடைசியில் கேளுங்கள். அடுத்தது, அந்தத் தங்கையின் வீட்டுக்கு வாலிபர் சங்கத்தாரை அனுப்ப வேண்டாம், உங்களில் ஒருவரே போங்கள். ஜெபம் பண்ணிவிட்டு உடனே எழுந்து வந்துவிடாமல், அப்பொல்லோவைப் பற்றி அவள் சொல்ல வந்த மீதியையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபையின் அங்கத்தினன்