அக்காவுக்கு: சென்டிமீட்டர் பக்கம்

அக்கா,

எனக்கு இப்போது 14 வாரம். நேற்று இரவிலிருந்து ஆஸ்பிரின் போட ஆரம்பித்திருக்கிறேன். ஐந்தாம் மாதம் வரை யாரிடமும் மூச்சு விடாதே என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அந்த "யாரிடமும்" என்பது யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் முதல் வரியிலேயே, ஊர் பார்க்கிற இடத்தில் எழுதிவிட்டேன்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அம்மாபேட்டைக் கடைக்கு வந்தால் நாலு பேர் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் எதிரில் "வா, உட்காரு, காப்பி சொல்லட்டுமா" என்று நன்றாகவே பேசுவாய். நானும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். ஆறு வருஷமாக அப்படித்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் இங்கே எழுதுவதையெல்லாம் நீ படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

உன் விஷயத்தை இங்கே எழுத மாட்டேன். நம் சொந்தத்தில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள். அது உன்னுடையது, அப்படியே இருக்கட்டும். என்னுடையதை மட்டும் எழுதுகிறேன்.

அந்தப் பின்னறை. ஏற்காட்டு வீட்டில், காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தைப் பார்த்த ஜன்னல் உள்ள அறை. முன்கூடத்தில் என் வளைகாப்புக்கு எல்லாரும் கூடியிருந்தார்கள். நீ பின்னால் இருந்தாய். அதற்குக் காரணம் அத்தைதான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீகூட அப்படித்தான் நினைத்திருப்பாய். இல்லை அக்கா. "அவ உள்ளயே இருக்கட்டும்மா, யாராவது ஏதாவது சொன்னா அவளுக்குத்தான் கஷ்டம்" என்று முதல் நாள் இரவு அம்மாவிடம் சொன்னது நான். உனக்காகச் சொல்வதுபோலச் சொன்னேன். எனக்காகத்தான் சொன்னேன். பயமாக இருந்தது.

கூடத்துக்குப் போகும் முன் நீ தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ள உள்ளே வந்தேன். ஏழாம் மாதத்துக்கு உடம்பு போட்டிருக்கும், பிரித்துவிடலாம் என்று பக்கத்துக்கு ரெண்டு இஞ்ச் துணி உள்ளே விட்டுத் தைத்திருந்தாய். பிரிக்க வேண்டியிருக்கவில்லை. கொக்கி எல்லாம் சுலபமாக மாட்டியது. "பாத்தியா, நான் குண்டாகவே இல்ல" என்று சந்தோஷமாகச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தாய்.

சின்ன வயதிலிருந்து நீ டேப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். எப்போதும் இஞ்ச் பக்கம்தான். முப்பத்தாறு, இருபத்தெட்டு, பதினாலரை என்று பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே போவாய். அன்றைக்கு டேப்பைத் திருப்பினாய். சென்டிமீட்டர் பக்கம். என்னைப் பாயில் படுக்கச் சொல்லி, அடிவயிற்று எலும்பில் ஒரு முனையை வைத்து, வயிற்று மேட்டின் உச்சி வரை இழுத்தாய். அந்தப் பக்கத்தைப் பார்க்க உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது, எந்த வருஷம் என்பது எனக்குத் தெரியும். அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"எத்தன வாரம்?"

"முப்பது."

நீ மறுபடி அளந்தாய். மறுபடியும் இருபத்தாறு.

"24 வாரத்துக்கு மேல, வாரம் எத்தனையோ அத்தன சென்டிமீட்டர் இருக்கணும். ரெண்டு மூணு முன்னப்பின்ன இருக்கலாம். நாலு இருக்கக் கூடாது. நாளைக்கே கீழ எறங்கி ஸ்கேன் பாரு" என்றாய். உன் குரல் நடுங்கவில்லை. துணி மூணு மீட்டர் பத்தாது, நாலு எடு என்று சொல்கிற குரல்.

அதற்கு நான் சொன்னதை முழுதாக எழுத இன்றைக்கும் கை வரவில்லை. "உன் ராசி" என்று ஆரம்பித்தேன். முடித்தும் விட்டேன். கூடத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். நலுங்குப் பாட்டு சட்டென்று நின்றது.

நீ டேப்பை இரண்டு விரலில் சுற்றினாய். சுற்றி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. அதை என் கைப்பைக்குள் வைத்துவிட்டு, களத்துப் பக்கக் கதவு வழியாகப் போனாய். களத்தில் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்த ஆள் உனக்கு வழி விட்டு ஒதுங்கியது ஜன்னலில் தெரிந்தது. நான் கூடத்துக்குப் போய் உட்கார்ந்து, கை நிறைய வளையல் போட்டுக்கொண்டேன். ஏழு வகைச் சோறும் சாப்பிட்டேன்.

அப்போது எனக்கு 24 வயது அக்கா. சுற்றியிருந்த எல்லாரும் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்கள். வயிறு சின்னதாக இருந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்றார்கள். நாள் கணக்குத் தப்பாக இருக்கும் என்றார்கள். எங்க வம்சமே சின்ன உடம்பு என்றார்கள். நான் காட்டிக்கொண்டிருந்த இடத்தில் அந்த மாதம் கையால் அழுத்திப் பார்த்ததோடு சரி. டேப் வைத்த ஞாபகமே இல்லை, ஆனால் சீட்டில் வாரத்துக்குச் சரியாக ஓர் எண் இருந்தது. இத்தனை பேர் ஒரு பக்கம் இருக்க, நீ ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் நின்றாய். எந்தப் பக்கத்தை நம்ப ஆசையாக இருக்கும், நீயே சொல்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

அன்று இரவு எல்லாரும் தூங்கிய பிறகு, வளையல் சத்தம் கேட்காமல் இருக்க முழங்கைவரை துண்டைச் சுற்றிக்கொண்டு, உன் டேப்பால் நானே அளந்தேன். இருபத்தாறு. காலையில் அவரை எழுப்பி வண்டி எடுக்கச் சொன்னேன். 20 கொண்டை ஊசி வளைவுக்கும் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடிவாரம் வந்தேன்.

ஸ்கேன் அறையில் குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்லப்படாது என்ற போர்டு என் கண்ணுக்கு நேராக இருந்தது. ஆணோ பெண்ணோ, எடையை மட்டும் சொல்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். தலை அளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு. மூன்றையும் வைத்துத்தான் எடையைக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு கிலோ நூற்றி இருபது என்றார் டாக்டர். பத்துப் பதினைந்து சதவீதம் கூடக் குறைய இருக்கும், ஆனாலும் 30 வாரத்துக்கு இது ரொம்பக் குறைவு என்றார். நாள் கணக்குத் தப்பா என்று கேட்டேன். 9 வாரத்தில் எடுத்த முதல் ஸ்கேனை எடுத்துப் பார்த்தார். அதில் நாள் சரியாக இருந்தது. அந்தச் சாக்கும் போயிற்று.

தலை கிட்டத்தட்ட சரியாக இருந்தது. வயிறுதான் பின்தங்கியிருந்தது. நஞ்சுக்கொடியிலிருந்து வருவது பத்தாமல் போகும்போது குழந்தை மூளைக்குத்தான் முதலில் ரத்தத்தை அனுப்புமாம். ஈரலில் சேர்த்து வைக்க ஒன்றும் மிஞ்சாது, அதனால் வயிறு ஒட்டிப்போகும். பிறக்கும் முன்பே அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது, எதைக் காப்பாற்ற எதை விட வேண்டும் என்று? அந்த மேஜையில் படுத்துக்கொண்டு உன்னைத்தான் நினைத்தேன். இதே வார்த்தைகளை, இதே மாதிரி ஒரு மேஜையில், நீ கேட்டிருப்பாயா? உனக்குச் சொல்லவாவது செய்தார்களா?

சின்னக் குழந்தை எல்லாமே ஆபத்தில்லை, சிலது உடல்வாகே சின்னது, அப்படியா இல்லையா என்று டாப்ளரில் தெரியும் என்றார்கள். தொப்புள்கொடியில் ரத்தம் போகிற வேகத்தைப் பார்ப்பது. எனக்கு அந்த ரத்த ஓட்டத்துக்கு எதிர்ப்பு கூடியிருந்தது, ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. வாரம் இரண்டு தடவை டாப்ளர். வளர்ச்சி ஸ்கேன் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. அதற்குள் எடுத்தால் வளர்ந்ததா அளவில் வந்த பிசகா என்று பிரித்துச் சொல்ல முடியாதாம். அந்த இரண்டு வாரத்தை எப்படித் தள்ளினேன் என்று யாருக்கும் தெரியாது. அம்மா உளுந்தங்களி, பேரீச்சம்பழம், முட்டை என்று ஊட்டிக்கொண்டே இருந்தாள். நான் நாலு கிலோ ஏறினேன். குறை நஞ்சுக்கொடியில் இருக்கும்போது நான் தின்றது எனக்குத்தான் ஒட்டியது. இதை டாக்டர் சொன்ன பிறகும் அம்மா ஊட்டுவதை நிறுத்தவில்லை, நானும் வாயை மூடவில்லை. வேறு என்ன செய்வது?

33-ஆவது வாரத்தில் ஓட்டம் இன்னும் கொஞ்சம் குறைந்தது. முன்னாலேயே எடுக்க வேண்டிவரலாம் என்று, குழந்தையின் நுரையீரலுக்காக எனக்கு 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி போட்டார்கள்.

துடிப்பை எண்ணச் சொல்லியிருந்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு. நம் பல்லாங்குழியை அம்மா பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு உதைக்கு ஒரு புளியங்கொட்டை, இந்தக் குழியிலிருந்து அந்தக் குழிக்கு. உன் மூலைக் குழியில்தான் போடுவேன். எப்போதும் நீதானே ஜெயிப்பாய். 36-ஆவது வாரம் ஒரு ராத்திரி, இரண்டு மணி நேரம் ஆகியும் அந்தக் குழியில் நாலு கொட்டைதான் இருந்தது. பதினோரு மணிக்கு ஆட்டோவில் போனோம். நீர் வற்றியிருந்தது. விடிவதற்குள் ஆபரேஷன்.

ஒரு கிலோ எழுநூற்றி நாற்பது. அழுதாள். அந்த அழுகைச் சத்தத்தை நான் உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

நீ வந்தாய். அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் மட்டும் குற்றவாளி இல்லை. மூன்றாம் நாள், குழந்தைகள் பிரிவு வாசலில் நின்றாய். நான் தையல் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். சர்க்கரை இறங்கிவிடும் என்று மணிக்கணக்குப் பார்த்து அவள் குதிகாலில் குத்திக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்துவிட்டு வந்த முகத்தோடு உன் எதிரில் நின்றேன். நீ என் கையைப் பிடித்திருக்கலாம். "நான் அப்பவே சொன்னேன்" என்றாய்.

சொன்னாய்தான். நீ சொல்லியிருக்காவிட்டால் நான் இன்னும் எத்தனை நாள் மலை மேலேயே உட்கார்ந்திருப்பேனோ, அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது அந்த வாக்கியம் இல்லை அக்கா. "உள்ள போய்ப் பாக்கறியா" என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்காமல் இருந்தேன். பின்னறையில் இருந்த பயம் அப்போதும் போகவில்லை. நான் உன்னைக் கூப்பிடவில்லை, நீ வாசலோடு போய்விட்டாய்.

அவளை நெஞ்சோடு நெஞ்சாகத் துணி கட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், கங்காரு மாதிரி. அம்மாதான் செய்ய வேண்டும் என்றில்லை, வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று நர்ஸ் சொன்னார். அவர் செய்தார், நம் அம்மா செய்தாள். மூன்றாவது ஆள் யாரும் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

பதினாறாம் நாளுக்கு அம்மா செவ்வாய்பேட்டைக்குப் போய்க் கொலுசு வாங்கி வந்தாள். இருப்பதிலேயே சின்னது. சேலத்தில் பிறந்த பெண்ணுக்குக் கொலுசு நிற்கவில்லை. காலைத் தூக்கினால் முழங்கால் வரை வந்து விழுந்தது. நாலு மாதம் பீரோவில் இருந்தது. அதைப் போட்ட அன்று உனக்குப் படம் அனுப்பினேன். இரண்டு நீல டிக் மட்டும் வந்தது. காதுகுத்துக்கு வரவில்லை. போனில் கூப்பிட்டது தப்புதான், தட்டு வைத்து அழைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் குழந்தை உனக்கு என்ன செய்தது? இதைக் கோபமாகவே கேட்கிறேன்.

இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. வரிசையில் முன்னாலிருந்து இரண்டாவதாக நிற்கிறாள். சின்னதுதான், ஆனால் ஓட்டத்தில் யாரும் பிடிக்க முடியாது. உன் கடையைத் தாண்டும்போதெல்லாம் "அது பெரியம்மா கடைதானே, ஏன் நிக்க மாட்டேங்கற" என்கிறாள்.

முதல் குழந்தைக்கு இப்படி ஆனதால் இந்தத் தடவை முதலிலிருந்தே கவனம். ஆஸ்பிரினை 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நஞ்சுக்கொடிக்கு உதவும் என்று டாக்டர் சொன்னார். அதோடு நானும் ஒன்றை முடிவு செய்துவிட்டேன். இரண்டாவதற்கு வளைகாப்பு போடுவதில்லை, தெரியும். நான் கேட்பது அது இல்லை. ஏழாம் மாதம் கோட்டை மாரியம்மனுக்குப் போய்விட்டு வந்து, வீட்டுக் கூடத்தில், எல்லாரும் பார்க்க, என் கையில் முதல் வளையல் ஜோடியை நீ போட வேண்டும். அம்மா ஏதாவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். அத்தையிடம் நேற்றே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவளுக்குப் புடவை எடுத்துரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்று தெரியும். பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறேன், வெற்றிலை பாக்குத் தட்டோடு, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு. கதவைத் திறக்க இஷ்டமில்லை என்றால் திறக்காதே, தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

டேப் என்னிடம்தான் இருக்கிறது. அதையும் கொண்டு வருகிறேன். அளக்க 24 வாரம் ஆக வேண்டும், அதுவரை நீ வைத்துக்கொள். ஜாக்கெட்டுக்குத் துணியும் எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு ரெண்டு இஞ்ச் விட்டே தைத்துவிடு.

உன்
தங்கச்சி