எந்த ரிவி என்று கேட்டாயே

அன்புள்ள மகள்,

சொனியா, சாம்சங்கா, எல்ஜியா, ஒன்றைச் சொல்லுங்கோ அப்பா, காசு அனுப்புகிறேன் என்று வட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். அதைக் குரல் பதிவில் சொல்லி முடிக்க முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ரிவி திருத்தித்தான் உங்களை வளர்த்தேன். கடைக்காரர் முன்பக்கத்தைக் காட்டுவார், நான் பின்மூடியைக் கழற்றிப் பார்த்த ஆள். அம்மாவுக்கு என்று நீ வாங்கித் தருகிற சாமான் பல வருஷம் கரைச்சல் இல்லாமல் ஓட வேண்டும் என்பதுதான் என் ஆசை, அதற்கு எந்தப் பெயர் என்பதைவிட வேறு சில விஷயங்களை முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

அங்கேயே வாங்கி, பெட்டி போடுகிற ஆக்களிடம் கொடுத்துக் கப்பலில் அனுப்பவா என்று மருமகன் கேட்டதாகச் சொன்னாய். வேண்டாம் என்று சொல்லு, ஆனால் கேட்டதற்கு நான் சந்தோஷப்பட்டேன் என்றும் சொல்லு. கனடாவில் கரண்ட் 120 வோல்ட், எங்களுக்கு இலங்கையில் 230. பல ரிவிகள் 100 முதல் 240 வரை ஏற்கும், பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் போட்டிருக்கும், ஆனால் 120க்கு மட்டும் செய்ததும் இருக்கிறது. அதையும் சமாளிக்கலாம், ஒளிபரப்பைப் பிடிக்கிற பாகமான ரியூனரைச் சமாளிக்க முடியாது. அங்கே ஒளிபரப்பு ஏரிஎஸ்சி என்ற முறையில் வருகிறது. இங்கே அன்ரனாவில் வருவது அந்த முறை இல்லை, ஆகவே அங்கத்தைய ரிவியில் நேத்ரா, வசந்தம், சக்தி போன்ற எங்கள் சனல்கள் அன்ரனாவிலிருந்து நேரடியாகப் பிடிபடாது. அப்புறம், அங்கே தந்த வாரண்டித் தாளை இங்கே எந்தக் கடையில் கொண்டுபோய்க் காட்டுவது?

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 இல் ஜப்பான் உதவியோடு தொடங்கியது. அந்தக் காலத்தில் எங்கள் ஆக்களுக்கு நல்ல ரிவி என்றால் ஜப்பான் ரிவிதான், நஷனல், சொனி, ஹிட்டாச்சி, சார்ப். அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. சொனியின் ட்ரினிட்ரோன் படக்குழாய் 1968 இல் வந்தது, சொனியே செய்த குழாய், அந்தப் படத்தின் துலக்கம் வேறு பெட்டியில் அப்போது கிடைக்கவில்லை. பெயரைப் பார்த்து வாங்கினால் அந்தப் பெயருக்குரிய தொழிற்சாலையின் வேலை வீட்டுக்கு வந்தது. உன் அம்மா இன்னும் சொனி என்றால் முகம் மலர்வது அந்தக் காலத்து நினைவால்தான்.

இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை. ஒரு ரிவியின் விலையில் பெரும்பங்கு அந்தத் திரைக்குத்தான் போகிறது, பனல் என்று நாங்கள் சொல்வது. சொனி தன் ரிவிக்கான பனலைத் தானே செய்வதில்லை, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிற ஓஎல்இடி திரை என்றால் எல்ஜி டிஸ்ப்ளேயிடமும் சாம்சங் டிஸ்ப்ளேயிடமும் வாங்குகிறது. சாம்சங் டிஸ்ப்ளேயோ எல்சிடி பனல், அதாவது பின்னால் விளக்கு வைத்து ஒளிரச் செய்கிற சாதாரணத் திரை, செய்வதை 2022 இல் நிறுத்திவிட்டது, ஆகவே கடையில் சாம்சங் என்று எழுதி நிற்கும் சாதாரண ரிவிக்குள்ளே இருப்பது வெளியே வாங்கிய பனல், பெரும்பாலும் சீனா, தைவான் பக்கத்திலிருந்து வந்தது. தோஷிபாவின் ரிவி வியாபாரத்தை 2018 இல் சீனாவின் ஹைசென்ஸ் வாங்கிவிட்டது. சார்ப் 2016 இலேயே தைவானின் ஃபொக்ஸ்கொன் கைக்குப் போய்விட்டது. ரிசிஎல் சீனக் கம்பனியாச்சே என்று நீ தயங்கினாய், ஆனால் பனல் தொழிற்சாலை சொந்தமாக வைத்திருக்கிற கம்பனி அது, மற்றவர்கள் அவர்களிடம் வாங்குகிறார்கள். ஒரே மொடலுக்குள்ளேயே இந்தத் தொகுதியில் ஒரு பனலும் அடுத்த தொகுதியில் வேறொரு பனலும் வருவதுண்டு.

அதற்காகப் பெயரில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பனலை வாங்கலாம், அதில் படத்தை எப்படிக் காட்டுவது என்ற கெட்டித்தனம் ஒவ்வொரு கம்பனிக்கும் தனி. அம்மா பார்ப்பதில் பாதி உள்ளூர்ச் சனல்கள். அன்ரனாவில் வருகிற படத்தில் 576 வரிதான், 4கே திரையில் 2160 வரி. அந்த இடைவெளியை ரிவிக்குள் இருக்கும் சிப் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். சொனி அதில் கைதேர்ந்தது, சாம்சங்கும் எல்ஜியும் நன்றாகவே செய்கின்றன, மலிவான பெட்டிகளில் முகங்கள் மெழுகு பூசியது போல வரும். கிரிக்கெட்டில் பந்து ஓடும்போது பின்னால் வால் இழுப்பதும் இதோடு சேர்ந்த விஷயம்தான். கடைக்காரர் தன் யூஎஸ்பியில் போட்டிருக்கும் மீன், பூ, மலைக் காட்சியை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. செய்திச் சனல் ஒன்றைப் போடச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இனி நான் தினமும் கண்ட விஷயம், பழுது. தட்டை ரிவிகளில் கடைக்கு அதிகமாக வருவது பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால் எரிகிற விளக்கு, போனது. சத்தம் கேட்கும், படம் இருட்டாக இருக்கும், டோர்ச்சைத் திரைக்குக் கிட்டப் பிடித்தால் உள்ளே மங்கலாகப் படம் ஓடுவது தெரியும். உள்ளே சின்ன எல்இடி விளக்குகள் வரிசையாகத் தொடுத்திருக்கும், ஒன்று எரிந்துபோனால் அந்த வரிசையே அணைந்துவிடும். அந்த விளக்குப் பட்டியை மாற்றினால் ரிவி திரும்ப வேலை செய்யும், பெரிய செலவும் இல்லை, ஆனால் அந்த மொடலுக்குப் பொருந்துகிற பட்டி கையில் கிடைக்க வேண்டும். ஊரில் நிறையப் பேர் வாங்கிய மொடல் என்றால் கிடைக்கும். பெயர் தெரியாத பெட்டி என்றால் கொழும்பு முழுக்கத் தேடினாலும் அளவு சரியாக வராது, நல்ல பனலை வைத்துக்கொண்டே ரிவியைத் தூக்கிப் போடுகிற நிலை வரும். பெயருக்கு நான் கொடுக்கிற மதிப்பு பெரும்பாலும் இதற்குத்தான். திருகோணமலையில் அந்தப் பெயருக்குப் பொறுப்பாக ஒரு ஆள் இருக்கிறாரா, உதிரிப்பாகம் வருமா, இந்த இரண்டுக்கும் ஆம் என்றால் அது நல்ல பிராண்ட்.

இதற்காகத்தான் ஏஜென்ட் வாரண்டி இருக்கிற கடையில் வாங்குவோம் என்கிறேன். விலை குறைவு என்று கொழும்பில் சிலர் தாங்களே இறக்கி விற்பதற்குக் கடை வாரண்டிதான், பழுதானால் 260 கிலோமீற்றர் ரிவியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெரிய திரையைப் படுக்க வைத்துக் கொண்டுபோனால் ஹபரணை தாண்டுவதற்குள் பனல் வெடித்துவிடும், நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும், பஸ்ஸில் அதற்கு இடம் ஏது. பனல் வெடித்தால் எந்த வாரண்டியும் உதவாது, புதுப் பனலின் விலையில் கிட்டத்தட்ட புது ரிவியே வாங்கலாம். மூன்று வருஷம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் உள்ளே பனலுக்கு எவ்வளவு, சேர்க்கிட் போட்டுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதியிருப்பார்கள். அதை வாசித்த பிறகுதான் காசு கட்ட வேண்டும். மின்னலால் வந்த பழுது வாரண்டியில் சேருமா என்பதையும் கேட்டு வைக்க வேண்டும், எங்கள் ஊரில் ஐப்பசி கார்த்திகை இடி மின்னலில் எத்தனை ரிவி போகிறது என்று உனக்கே தெரியும்.

மருமகன் ஓஎல்இடி என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். படத்தில் அதற்கு மேல் ஒன்று இல்லை, நான் ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. இருட்டு அறையில் இருந்து படம் பார்க்கிற உங்களுக்கு அது அருமையான சாமான். எங்கள் திருக்கடலூர் வீட்டு ஹோல் எப்படி என்று யோசித்துப் பார். கிழக்கு வாசல், கதவு இரவு படுக்கப் போகும்வரை திறந்தே கிடக்கும், காலையில் கடல் வெளிச்சம் சுவர் வரை அடிக்கும். அந்த வெளிச்சத்துக்கு நன்றாகப் பிரகாசிக்கிற எல்சிடிதான் ஈடுகொடுக்கும். இன்னொன்று, அம்மா ஒரே சனலைக் காலையிலிருந்து போட்டுவிட்டு வேலை பார்ப்பவ. மூலையில் சனலின் சின்னமும் கீழே செய்திப் பட்டையும் நாள் முழுக்க அசையாமல் நிற்கும். ஓஎல்இடியில் அப்படி நின்றால் காலப்போக்கில் அந்தத் தடம் திரையில் பதிந்துவிடும். அதைத் தடுக்க உள்ளே ஏற்பாடுகள் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் அம்மாவின் பாவிப்புக்கு அவ்வளவு காசைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. கியூஎல்இடி என்று சாம்சங்காரரும் மற்றவர்களும் விற்பது பெயரில்தான் அதற்குக் கிட்ட இருக்கிறது, அதுவும் பேக்லைட் உள்ள எல்சிடிதான், நிறம் மட்டும் கொஞ்சம் செழிப்பு.

எல்சிடியிலும் இரண்டு சாதி இருக்கிறது. விஏ என்பதில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐபிஎஸ் என்பதில் கறுப்பு கொஞ்சம் சாம்பலடிக்கும், எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் படம் பெரிதாக மாறாது. எங்கள் வீட்டில் நேரே இருந்து பார்க்கிறவர் யார்? நான் கதிரையில், அம்மா குசினி வாசல் பக்கம் மரக்கறி வெட்டிக்கொண்டு, மட்ச் என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தரையில் சுவர் முட்ட. ஆகவே எனக்கு ஐபிஎஸ்தான் வேண்டும். இதைப் பெட்டியில் எழுதமாட்டார்கள். கடையில் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

65 இஞ்ச் வேண்டாம். நாங்கள் இருக்கிற தூரத்துக்கு 50 போதும், அதற்கு மேல் போனால் உள்ளூர்ச் சனலின் படம் இன்னும் கலங்கித்தான் தெரியும். இப்போதைய ரிவிகளின் கால்கள் இரண்டும் ஓரத்தில் இருப்பதால் பழைய அலுமாரியில் நிற்காது, சுவரில்தான் மாட்ட வேண்டும், கடல் பக்கச் சுவரில் இல்லாமல் சாமி அறைப் பக்கச் சுவரில். உப்புக் காற்று சேர்க்கிட் போட்டில் உள்ள பாகங்களின் கம்பிக் கால்களைத் தின்னும், பனல் ஓரத்து நாடா இணைப்புகளைப் பிடித்தால் திரையில் கோடு விழும், அந்தக் கோட்டுக்கு என்னிடமும் மருந்து இல்லை.

யூரியூப்புக்கு எது நல்லது என்றும் கேட்டாய். அதை வைத்து பிராண்டைத் தெரிவு செய்யாதே. ரிவிக்குள் இருக்கிற மென்பொருள்தான் முதலில் கிழடாகும், அப்போது பின்னால் எச்டிஎம்ஐ துளையில் குத்தி யூரியூப் பார்க்கிற சின்னக் குச்சி ஒன்று வாங்கினால் போதும். வெளிச்சமும் இருட்டும் கூடுதல் துலக்கமாகத் தெரியும் என்கிற எச்டிஆர், 240 ஹேர்ட்ஸ் என்றெல்லாம் பெட்டியில் போடுவதையும் பெரிதாக எடுக்க வேண்டாம், மலிவான ரிவியில் எச்டிஆர் என்றால் அந்தச் சிக்னலை வாங்கும் என்பதுதான், அதைக் காட்டுகிற வெளிச்சம் அதற்கு இருக்காது.

ஆகவே என் முடிவு இது. 50 இஞ்ச், 4கே, எல்சிடி. முதலில் எல்ஜி பார்ப்பேன், அதன் முகவர் அபான்ஸ் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், ரிவிக்கு ஒன்று என்றால் யாரிடம் போவது என்ற கேள்வி இல்லை. பக்கத்திலிருந்து பார்க்கத் திருப்தி இல்லை என்றால் சாம்சங். சொனி பிடித்திருந்தாலும் அந்த மேலதிகக் காசுக்கு எங்கள் ஹோலில் பலன் குறைவு, இதை அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். ரிசிஎல்லை ஒதுக்கவில்லை, இங்கே அதற்குத் திருத்த வேலை யார் செய்கிறார்கள் என்று விசாரித்து, ஒழுங்கான பதில் வந்தால் அதுவும் கணக்கில் வரும்.

மிச்சப்படுகிற காசில் இரண்டு சாமான். ஒன்று, மின்னலுக்கு நல்ல சேர்ஜ் புரொடெக்டர், கரண்டுக்கு மட்டுமில்லாமல் அன்ரனா வயருக்கும் சேர்த்து, ஏனென்றால் மின்னல் பாதி நேரம் அந்த வழியால்தான் உள்ளே வரும். மழைக் குணம் தெரிந்தால் இரண்டையும் கழற்றி வைப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். மற்றது ஒரு சவுண்ட்பார். மெல்லிய ரிவிகளில் ஸ்பீக்கர் கீழே பார்த்து இருக்கும், பேச்சு தெளிவாக விழாது, அம்மாவுக்கு இப்போது காது முந்தி மாதிரி இல்லை. உன்னிடம் சொல்லமாட்டா, சனலின் சத்தத்தை அவ கூட்டிக்கொண்டே போவதை நான்தான் பார்க்கிறேன். படத்தைவிட இதுதான் அவவுக்குத் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது.

வாங்கிய அன்றைக்கே பேக்லைட்டைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே குறைத்து வைப்பேன். கடையிலிருந்து வரும்போது முழு வெளிச்சத்தில் இருந்தால் விளக்குகள் சூட்டிலேயே சீக்கிரம் போகும். வெயில் நேரம் கூட்டலாம், இரவில் குறைக்கலாம். நீ உன் வீட்டு ரிவியிலும் இதைச் செய்.

இப்போதைக்குக் காசு அனுப்பாதே. வெள்ளிக்கிழமை பத்திரகாளி கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைகளுக்குப் போகிறேன். பிடித்ததின் மொடல் நம்பரைப் படம் எடுத்து அனுப்புவேன், ரிவியின் பின்பக்கத்தில் இருக்கிற நீளமான நம்பர், பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது அல்ல. அதை நீ இணையத்தில் தேடி, பனல் விஏயா ஐபிஎஸ்ஸா என்று யாராவது எழுதியிருக்கிறார்களா பார்த்துச் சொல்லு. கடை பூட்டுவதற்குள் பதில் வேண்டும், அங்கே விடியற்காலையாக இருக்கும், போனைச் சத்தத்தில் வைத்துக்கொண்டு படு.

அன்புடன்,
அப்பா