விக்டர் கரூனாக நடித்தவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ரிச்சர்ட் வேர்ட்ஸ்வர்த் அவர்களுக்கு,

நீங்கள் 1993லேயே போய்விட்டீர்கள், இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வராது என்று தெரியும். ஆனாலும் நேற்று இரவு 'த குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' படத்தை மறுபடியும் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டபோது, உங்களுக்கு எழுதியே ஆகவேண்டும் போலிருந்தது.

அந்த 1955ஆம் வருடப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைத் தயாரித்த ஹாமர் கம்பெனியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். பிபிசி 1953இல் நேரலையாக ஒளிபரப்பிய தொடரை வாங்கிச் சுமார் 42,000 பவுண்டில் படமாக்கியதையும், பெரியவர்களுக்கு மட்டும் என்ற 'எக்ஸ்' சான்றிதழையே விளம்பரமாக்க, தலைப்பிலுள்ள 'எக்ஸ்பெரிமென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் 'ஈ' எழுத்தைத் தூக்கிவிட்டு 'எக்ஸ்' எழுத்திலேயே அந்தச் சொல்லைத் தொடங்கியதையும் சொல்வார்கள். சரி, அதெல்லாம் வியாபாரம். எனக்கு அந்தப் படம் என்றால் உங்கள் முகம்தான்.

விண்வெளிக்கு மூன்று பேர் போனார்கள், உயிரோடு திரும்பியது நீங்கள் மட்டும். மற்ற இருவரின் உடைகள் ராக்கெட்டுக்குள் கிடக்கின்றன, உள்ளே ஆள் இல்லை. அதற்குப் பிறகு படம் முழுக்க உங்களுக்குப் பேச்சே கிட்டத்தட்டக் கிடையாது. நாடக மேடையிலிருந்து வந்தவர், கவிஞர் வேர்ட்ஸ்வர்த்தின் வம்சத்தில் பிறந்தவர், உங்களிடமிருந்து வசனத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கன்னம் குழிந்து தெரிகிறது, கண் மட்டும் அலைகிறது. உடம்புக்குள் வேறு ஏதோ குடியேறிவிட்டது, அது தன்னைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அந்த ஆளுக்கே தெரிகிறது. என்னை உலுக்கியது அதுதான். ஆஸ்பத்திரி அறையில் கள்ளிச்செடியைப் பார்த்ததும் உங்கள் கை தானாக அதன்மேல் பாய்கிறதே, அப்புறம் உருமாறிப்போன அந்தக் கையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு தெருத்தெருவாக ஒதுங்கி நடக்கிறீர்களே, அங்கே எனக்குப் பயத்தைவிடப் பரிதாபம்தான் அதிகம் வந்தது.

அந்தச் சின்னப் பெண்ணின் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. குழந்தை ஜேன் ஆஷர் பொம்மையோடு சொப்பு விளையாட உங்களைக் கூப்பிடுகிறாள். நீங்கள் பொம்மையைத்தான் அடித்து உடைக்கிறீர்கள், அவளைத் தொடாமல் ஓடிவிடுகிறீர்கள். மிச்சமிருந்த கொஞ்ச நஞ்ச மனிதனையும் திரட்டித்தான் அந்த ஓட்டம் ஓடினீர்கள் என்று நான் நம்புகிறேன்.

கடைசியில் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில், கரூன் முழுதாக உருமாறி வரும் உருவத்தில் நீங்கள் இல்லை. உள்ளே படமெடுக்க அனுமதி கிடைக்காததால் அபேயையே செட் போட்டார்கள், ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞர் லெஸ் போவி இறைச்சிக் கடைக் குடலையும் ரப்பரையும் வைத்து அந்த ஜந்துவைச் செய்தார். இருந்த காசுக்கு அது பெரிய வேலை, அதை நான் குறை சொல்லவில்லை. என் வருத்தம் வேறு. தொலைக்காட்சித் தொடரில் அந்த ஜந்துவுக்குள் கரைந்துபோன மூன்று பேரிடமும், அவர்களை விண்வெளிக்கு அனுப்பிய விஞ்ஞானி குவாட்டர்மாஸ் பேசுகிறார், அவர்களுக்குள் இருக்கும் மனிதனைத் தட்டி எழுப்புகிறார். படத்திலோ லண்டன் மின்சாரத்தைப் பாய்ச்சி எரித்துவிடுகிறார்கள். அந்தத் தொடரின் ஆறு பகுதிகளில் முதல் இரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன, அதனால் அந்த முடிவையும் இனி யாரும் பார்க்க முடியாது. அதைப் படத்தில் வைத்து உங்களிடம் கொடுத்திருந்தால்! ஒரே ஒரு குளோசப் போதும், வசனம்கூட வேண்டாம்.

எரிந்து முடிந்ததும் குவாட்டர்மாஸ் இருட்டில் விறுவிறுவென்று நடந்து போகிறார், அடுத்த ராக்கெட் கிளம்புகிறது. நேற்று அதுவரை பார்க்க மனம் வரவில்லை. அபேக்கு முன்பே நிறுத்திவிட்டு, அந்தப் பெண் உங்களை விளையாடக் கூப்பிடும் இடத்துக்கே திரும்பிப் போய்விட்டேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்